வீட்டில் இருந்தபடியே வேலைக்குப் போவது

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டையொட்டி மடுல்கெல்லவில் நடந்த ஒன்றுகூடலில், வீட்டிலிருந்து தொழில்நுட்ப உதவி வேலை செய்யும் பழைய மாணவியர் மூவர் சேர்ந்து எழுதி வாசித்த உரை.)



எங்களுக்கு மேடைப் பழக்கம் இல்லை. முகம் தெரியாத ஆட்களோடு பேசிச் சம்பாதிக்கிறவர்கள் நாங்கள். இத்தனை தெரிந்த முகங்களை ஒன்றாகப் பார்க்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரம் எழுதி, கொம்பியூட்டர் பாடநெறி ஒன்றும் முடித்த தங்கச்சிமார் சிலர் அண்மையில் எங்களிடம் வந்தார்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் தொடக்கம், என்ன லெப்டொப் வாங்கலாம் என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் முதல் மாதத்தில் நாங்கள் மூன்று பேரும் பட்ட பாட்டில் லெப்டொப்புக்குப் பங்கே இல்லை. நாங்கள் ஆயத்தமாகத்தான் இருந்தோம். வீடு ஆயத்தமாக இருக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வந்தோம்.

அம்மாமாருக்காக முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் ஒருவர் ஒரு கம்பனியின் மென்பொருளை வாங்கியிருக்கிறார். அது வேலை செய்யவில்லை. அவர் எழுதுவார், அல்லது கோல் எடுப்பார். அவருடைய முறைப்பாடு ஓர் இலக்கத்தோடு எங்கள் திரையில் வந்து விழும். அதற்கு டிக்கட் என்று பெயர். எத்தனை நிமிடத்தில் பதில் சொன்னோம், நாளொன்றுக்கு எத்தனை டிக்கட் முடித்தோம், ஆள் திருப்தியா என்றெல்லாம் கணக்கு எடுப்பார்கள். எங்களில் ஒருவரின் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஒங்களுக்கும் கிலோ கணக்கு இருக்கு" என்றார். அன்றிலிருந்து இரவு வேலை முடிந்து மகள் எழும்பும்போது, "இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்று கேட்கிறார். கம்பனி மூன்று நாள் பயிற்சியில் விளக்கியதை அம்மா ஒரு வார்த்தையில் பிடித்துவிட்டார்.

இனி வீடு. பழைய லயத்துக் காம்பரா ஒன்று 10 அடிக்கு 12 அடி. சில லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் மருந்து சொல்வார்கள். அங்கே இருந்துகொண்டு ஒரு வாடிக்கையாளரின் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னால் அது இரகசியம் ஆகுமா? வேலைக்குச் சேரும்போது அவருடைய விபரம் வெளியே போகாது என்று கையெழுத்து வைக்கிறோம். ஆகவே முதல் நாளுக்கு முன்பே எந்த மூலை, எந்தச் சுவர் என்று பார்த்துவிடுங்கள். இஸ்தோப்பை அடைத்து அறையாக்கிய வீடுகளில் அது வசதி. இல்லாவிட்டால் சாக்குத் துணியும் பழைய கம்பளியும் தொங்கவிட்டாலும் சத்தம் குறையும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தகரக் கூரையைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நக்கிள்ஸ் பக்கமிருந்து மழை இறங்கினால், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. எங்களில் ஒருவரிடம் ஒரு வாடிக்கையாளர், "நீங்கள் நீர்வீழ்ச்சிக்குக் கீழே இருக்கிறீர்களா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கோலுக்குக் கிடைத்த புள்ளி ஒன்று. நேர்முகத்திலேயே கேளுங்கள்: வேலை குரலிலா, எழுத்திலா? எழுத்தில் என்றால் மழை தொந்தரவு இல்லை. குரலில் என்றால், மழை நேரத்தில் எழுத்துக்கு மாறலாமா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதற்காக யாரும் எங்களை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கேட்காமல் இருந்ததற்குத்தான் பேச்சு வாங்கினோம்.

கரண்ட் விடயம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது. குரங்கு என்று சொன்னபோது எங்கள் மேற்பார்வையாளர் நம்பவில்லை. செய்தியை அனுப்பிய பிறகுதான் நம்பினார். மேசைக் கொம்பியூட்டர் மலிவாகக் கிடைத்தாலும் லெப்டொப்பே நல்லது, அதில் பற்றரி இருக்கிறது. ஆனால் லெப்டொப் உயிரோடு இருந்தும் ரவுட்டர் செத்துவிட்டால் என்ன பிரயோசனம்? எங்களில் ஒருவருக்கு முதல் வாரத்தில் நடந்தது இதுதான். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகிற சின்னச் சாமான். அதற்கென்றே சிறிய யூ.பி.எஸ். பெட்டி விற்கிறார்கள், சில மணி நேரம் தாங்கும். லெப்டொப்புக்கு வைத்திருக்கும் காசில் அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இடி மின்னல் காலத்தில் கம்பியைக் கழற்றி வைப்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நித்திரையாக இருக்கும்போதும் இடி இடிக்கும்.

சிக்னலுக்கு ஒரு வழி சொல்கிறோம். பேச்சுக்குப் பெரிய வேகம் தேவையில்லை, வினாடிக்கு 100 கிலோபிட் அளவு போதும். விட்டுவிட்டு வருவதுதான் குரலைக் கெடுக்கும். இந்த மலையில் ஒரு சரிவில் ஒரு கம்பனியின் சிம் எடுக்கும், அடுத்த சரிவில் வேறொன்று எடுக்கும். இரண்டு சிம் வாங்கி, வேலை செய்யப்போகும் அதே மூலையில் அதே நேரத்தில் ஒரு வாரம் பேசிப் பாருங்கள். பகலில் நன்றாக இருந்தது இரவு எட்டு மணிக்கு, எல்லோரும் போனைக் கையில் எடுக்கும்போது, படுத்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இதெல்லாம் ஒன்றும் உதவவில்லை. கண்டி மாவட்டத்தில் மண்சரிவில் போன உயிர்களை நினைத்தால் வேலையைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. உயிரோடு இருக்கிறோம் என்று கம்பனிக்குச் சொல்லக்கூட வழியில்லை. அதற்குப் பிறகு ஒன்று செய்தோம். மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு பழைய மாணவியின் இலக்கத்தை, அவருடைய சம்மதத்தோடு, அவசரத் தொடர்பாக மேற்பார்வையாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

நேரத்தைப் பற்றி. லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே மாரியில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், நாங்கள் மாற்றுவதில்லை. மார்ச் கடைசியில் இதை மறந்து எங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் பிந்தி வேலைக்கு உட்கார்ந்தார். சிட்னி, மெல்பேர்ன் வேலை என்றால் இன்னும் கடினம்: அவர்களுடைய காலை 9 மணி இங்கே அதிகாலை 4.30, அல்லது 3.30. அந்த நேரத்தில் வெளியிலிருக்கும் கக்கூசுக்குத் தனியே போக வேண்டியிருக்கும். அம்மாமாரே, இதைச் சின்ன விடயமாக நினைக்காதீர்கள். வெளியே ஒரு விளக்குப் போட்டுக் கொடுங்கள், துணைக்கு யார் எழும்புவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டாரோடு பேச வேண்டியது இன்னும் இருக்கிறது. கொழுந்துக்குப் போகிற பிள்ளையை நடுவில் கூப்பிட்டுத் தண்ணீர் பிடிக்கச் சொல்ல மாட்டோம். வீட்டில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவோம். "சும்மாதானே இருக்கா" என்று அயலில் சொல்வார்கள். பாட்டி வருவார், தம்பி லெப்டொப்பில் விளையாடக் கேட்பான். கொடுக்கக் கூடாது, அதில் மற்றவர்களுடைய விபரங்கள் இருக்கின்றன.

வீட்டில் வேலை செய்த பெண்களில் நாங்கள் முதல் ஆட்கள் அல்ல. இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷேர்லி என்ற பெண், ஐந்து வயதில் நாஸிகளிடமிருந்து தப்பி அகதியாக வந்தவர், 1962இல் ஆறு பவுணோடு ஒரு மென்பொருள் கம்பனி தொடங்கினார். குழந்தைகளால் வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டுக்கே வேலை கொடுத்தார். தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார், அதன் பிறகு பதில் வந்தது. கோல் வரும்போது பிள்ளைகளின் சத்தத்தை மறைக்கத் தட்டச்சுச் சத்தத்தை ஒலிநாடாவில் ஓடவிடுவாராம். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் அந்தப் பெண்கள் எழுதியது. ஒலிநாடாக் கதையை வாசித்தபோது நாங்கள் மூவரும் நிறையச் சிரித்தோம். எங்களுக்கு அது தகரக் கூரை.

இனிக் கொஞ்சம் கசப்பான விடயம். தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் ஸோஹோ கம்பனி 2011இல் அலுவலகம் தொடங்கியது. அங்கே கிராமத்துப் பிள்ளை நடந்துபோய் வேலை செய்யும்போது மேசை, கதிரை, கரண்ட், இணைப்பு எல்லாம் கம்பனியுடையது. வீட்டிலிருந்து வேலை என்றால் அந்தச் செலவெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கில் விழுகிறது. டேட்டாவுக்கும் கரண்டுக்கும் படி தருவீர்களா என்று கேட்பது பிச்சை கேட்பது அல்ல.

அதைவிட முக்கியம் நியமனக் கடிதம். எங்கள் அம்மாமாருக்குத் தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது: சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம். எங்களில் இருவருக்கு முதலில் வந்த கடிதத்தில் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று இருந்தது. பெரிய பட்டம் கிடைத்தது போல இருந்தது. அதன் பொருள், சேமலாப நிதி இல்லை, சம்பள லீவு இல்லை, நாளைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். மாதச் சம்பளத் தொகையைப் பார்த்தால் அம்மாவுடையதை விடக் கூட. கடைசிக் காலத்துக்கு எது மிஞ்சும் என்று பார்த்தால் அம்மாவுடையதே மேல். அப்படியான வேலையை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, நாங்களே எடுத்தோம். தெரிந்துகொண்டு எடுங்கள். மாதம் மாதம் அந்தப் பங்கை நீங்களே ஒதுக்கி வையுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். சங்கத்தில் சட்டம் படித்த அக்காமார் இருக்கிறார்கள், காட்டுங்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். பெண்களின் தோட்டச் சம்பளத்தை அப்பாவோ புருஷனோ போய் வாங்கிய காலம் இங்கே இருந்தது. அது டெபிட் அட்டையில் திரும்பி வருவதைப் பார்க்கிறோம்.

ஏமாற்று வேலைகளும் உண்டு. பயிற்சிக்கு முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். மைக்ரோசொப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கொம்பியூட்டரில் வைரஸ் என்று அந்நியருக்குக் கோல் எடுக்கச் சொன்னால் அது திருட்டு. உண்மையான உதவி வேலையில் ஆள்தான் எங்களைத் தேடி வருவார். தாய்லாந்தில் கொம்பியூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து முகாம்களில் அடைத்தவர்களில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பயிற்சிக்கு ஒன்று. அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று, தொடாமல், பார்க்காமல், வாயால் மட்டும் சொல்லி ஒரு புதுச் செயலியைப் போட வையுங்கள். "அதை அழுத்துங்க" என்றால் அம்மா எதை என்று கேட்பார். அங்கேதான் இந்த வேலை ஆரம்பிக்கிறது. கோபம் வந்தால் இன்னும் ஒரு கிழமை பழகுங்கள். ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் போனில் ஒன்றாகக் கேட்கும். அல்பா, பிராவோ, சார்லி, டெல்டா என்று எழுத்துச் சொல்லும் முறையைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் போதும். உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை. மெதுவாகப் பேசினால் போதும்.

இந்த மலரை லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து வாசிக்கும் அக்காமாரிடம் ஓர் உதவி கேட்கிறோம். பணம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் தாருங்கள். வேலை தொடங்கப்போகும் ஒரு தங்கச்சிக்குக் கோல் எடுத்து, இணைப்பு வேலை செய்யாத வாடிக்கையாளர் போல ஆங்கிலத்தில் பேசுங்கள். அவசரப்படுத்துங்கள், குறுக்கே பேசுங்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடு என்று சத்தம் போடுங்கள். அவள் முடிக்கும் வரைக்கும் தமிழில் பேச வேண்டாம். முடிந்த பிறகு எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரிடம் படித்தாய் என்று எவ்வளவு நேரமும் கேட்கலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். உங்கள் ஊர் நேரத்தையும் குறிப்பிடுங்கள், மணிக்கூடு மாறும் ஊரா என்பதையும்.