மதிப்பெண் படிவத்துக்கு ஒரு 'மீட்டெடு' பொத்தான்
(தஞ்சாவூர் மாவட்ட ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையிலிருந்து)

மதிப்பெண் பதிவேட்டில் எண் மாறிப்போனால் என்ன செய்வோம்? ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடுவோம். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெரியும். எக்செலில் மேக்ரோ எழுதி நாம் செய்துகொள்ளும் படிவத்தில் அப்படி இல்லை. 'சேமி' பொத்தானை அழுத்தியதும் பழைய எண் போய்விடும். கன்ட்ரோல் இசட் அழுத்தினாலும் வராது. மேக்ரோ ஒரு கட்டத்தை மாற்றியவுடன் எக்செல் தன் 'அன்டு' பட்டியலையே காலி செய்துவிடுகிறது. அதற்கு முன் நீங்கள் கையால் தட்டியவையும் சேர்ந்து போகும்.

ஆகவே அந்த வசதியை நாம்தான் எழுத வேண்டும். பெரிய வேலை இல்லை. 'மாற்றங்கள்' என்று தனித் தாள் ஒன்று வையுங்கள். படிவம் மதிப்பெண்ணைப் பதியும் முன், மாணவரின் எமிஸ் எண், பாடம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம் ஆகியவற்றை அதில் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். 'மீட்டெடு' பொத்தான் கடைசி வரியைப் படித்துப் பழைய மதிப்பைத் திரும்ப வைக்கும். ஒரே அழுத்தலில் ஐந்து பாடங்கள் பதிவானால் ஐந்து வரிகளுக்கும் ஒரே வரிசை எண் கொடுங்கள். ஐந்தும் ஒன்றாகத் திரும்பும்.

எமிஸ் எண் எதற்கு, கட்டத்தின் முகவரி போதாதா என்பீர்கள். போதாது. பதிந்த பிறகு யாராவது மதிப்பெண் வாரியாக அடுக்கிவிட்டால், 12ஆம் வரியில் இருப்பது வேறு பிள்ளை. பெயரும் கைகொடுக்காது, இரண்டு கார்த்திக் இருக்கிற வகுப்புகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எனக்கு மிகவும் கவலை தருவது காலிக் கட்டம். வி.பி.ஏ.வில் பழைய மதிப்பை 'இன்டிஜர்' மாறியில் வாங்கினால் காலி 0 ஆகிவிடும். மழையில் வழி அடைபட்டு இரண்டாம் பருவத் தொகுத்தறித் தேர்வுக்கு வராத பிள்ளை, தேர்வெழுதி 60க்கு 0 வாங்கியதாகப் பதிவாகும். மாறியை 'வேரியன்ட்' என்று அறிவியுங்கள். காலி காலியாகவே திரும்பும். கூட்டுத்தொகைக் கட்டங்களைப் படிவம் தொடவே வேண்டாம்.

மீட்கும் முன் இன்னொரு சோதனை. கட்டத்தில் இப்போது இருப்பது நாம் பதிந்த புதிய மதிப்புதானா? இல்லையென்றால் இடையில் யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள். பொத்தான் நின்று கேட்கட்டும்.

எக்செலில் 'ஆன்அன்டு' என்ற கட்டளை உண்டு. அது கடைசிச் செயல் ஒன்றுக்கு மட்டும். கோப்பை மூடினால் அதுவும் இல்லை. தாளில் எழுதியதோ கோப்புடன் சேமிக்கப்படும்; மறுநாள் காலையிலும் மீட்கலாம். மீட்ட வரியை நீக்காமல் 'மீட்கப்பட்டது' என்று குறித்துவிடுங்கள். அடுத்த அழுத்தலில் பொத்தான் அதைத் தாண்டி மேல் வரிக்குப் போகும். தலைமையாசிரியர் கேட்டால் தாளைத் திறந்து காட்டலாம்.