காணி வியாபாரமும் நம்பிக்கைக்குரிய உறவுகளும்



அன்பார்ந்த நேயர்களே! நமது இளைஞர்களில் பலர் வெளிநாட்டில் உழைத்த பணத்தையோ குடும்ப வியாபாரத்தில் சேர்த்த பணத்தையோ காணியில் முதலீடு செய்ய விரும்புகின்றனர். மலிவான காணி எங்கே உள்ளது என்று அவர்கள் விசாரிக்கின்றனர். யாரோடு சேர்ந்து இத்தொழிலைச் செய்வது என்று விசாரிப்போர் குறைவு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய விடயம் அதுவேயாகும்.

முதலாவது உறவு நொத்தாரிசுடன் ஏற்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படுதல் வேண்டும். வாய்ப்பேச்சில் காணி கைமாறாது. விற்பவர் அழைத்து வரும் நொத்தாரிசை நம்பி ஒப்பமிடாமல், உங்களுக்காகவே காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடிப் பார்க்கும் ஒருவரை நாடுங்கள். குறைந்தது முப்பது வருட உரித்தைப் பார்ப்பது வழக்கம். ஈடு உள்ளதா, வழக்கு உள்ளதா என்பது அங்கே தெரியவரும். உறுதி எழுதிய பின் அதனைத் தாமதியாது பதிவு செய்வியுங்கள். பதியாத உறுதியைவிட, பின்னர் எழுதப்பட்டு முந்திப் பதியப்பட்ட உறுதி முன்னுரிமை பெறக்கூடும்.

அடுத்தவர் உரிமம் பெற்ற நில அளவையாளர். உறுதியில் இருபது பேர்ச் என்றிருக்கலாம். வேலிக்குள் பதினெட்டே இருக்கலாம். முற்பணம் கொடுக்கு முன் அவரை அழைத்துச் சென்று எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். அவ்வேளையில் அயலவரிடமும் ஸலாம் சொல்லிப் பேசுங்கள். பாதை யாருடையது, வெள்ளம் எதுவரை வரும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

தரகரைப் பொறுத்தவரை, தரகு எவ்வளவு, அதனை யார் கொடுப்பது என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடியுங்கள். வேலை முடிந்த பின் அவரது கூலியைக் குறைப்பவரிடம் அடுத்த நல்ல காணியை அவர் கொண்டு வரமாட்டார். இருதரப்பிலும் மறைவாகப் பணம் பெறும் தரகரை நீங்களும் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

நேயர்களே! விற்பவரோடுள்ள உறவே மிகவும் பாரதூரமானது. மௌத்தாகிய தகப்பனின் காணியை மூத்த மகன் விற்க வருகிறார். "தங்கைமார் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்கிறார். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரண சாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து இஸ்லாமிய வாரிசுரிமைப்படியே பிரிகிறது. மனைவிக்கும் பெண்மக்களுக்கும் அதில் பங்கு உண்டு. கொஞ்சமாயினும் அதிகமாயினும் பெண்களுக்கும் பங்குண்டு என்று ஸூறா அந்நிஸா கூறுகின்றது. அவர்களது ஒப்பமின்றி அக்காணியை வாங்குபவர் வழக்கையும் விலைக்கு வாங்குகிறார். பிறரது ஹக்கையும் சுமக்கிறார். ஆகவே ஒவ்வொரு வாரிசையும் நேரில் சந்தித்து, அவர்களது பூரண சம்மதத்தைப் பெற்றுக் கொள்ளுங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

இறுதியாகப் பங்காளிகள். மச்சானும் நண்பனும் சேர்ந்து பணம் போடுகின்றனர். உறுதி ஒருவரது பெயரில் எழுதப்படுகிறது. பல வருடங்களின் பின் விலை ஏறியதும் பங்கு எவ்வளவு என்பதில் பிணக்கு எழுகிறது. குறித்த தவணைக்குக் கடன் கொடுக்கல் வாங்கலைச் சிறிதோ பெரிதோ எழுதிக் கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், சாட்சி வைக்குமாறும் ஸூறா அல்பகராவின் 282ஆவது வசனம் பணிக்கின்றது. கடனுக்கே இவ்வளவு பேணுதல் எனில், கூட்டுக் காணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதச் சொல்வது சந்தேகம் கொள்வதல்ல, உறவைக் காப்பதாகும். பங்காளிகள் அனைவரின் பெயரையும் பங்கையும் உறுதியிலேயே குறிப்பிடுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு முதல் கொடுப்பதோடு உங்கள் கடமை முடிவதில்லை. நொத்தாரிசிடம் செல்லும்போது அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய உறுதிகளை வாசிக்கக் கற்றுக் கொடுங்கள். காணியில் உள்ள குறையை வாங்குபவருக்கு மறைக்காமல் சொல்ல நீங்களே முன்மாதிரியாக இருங்கள். ஊரில் உண்மையாளன் என்று பெயரெடுத்தவனைத் தேடி மக்கள் தாமாகவே வருவார்கள்.

வல்ல அல்லாஹ் நமது தேட்டத்தை ஹலாலாக்கி, அதில் பரகத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.