சோறு மறந்த மதியம்

தோழர்களே, ஆய்வில் சேர்ந்த புதுசில் கருத்தரங்குகளில் நான் வாயே திறந்ததில்லை. 'இதெல்லாம் உனக்கு வருமா?' என்று ஒரு பேராசிரியர் கேட்டார். போகப் போக அதை நானே என்னைக் கேக்க ஆரம்பிச்சுட்டேன்.

ஒருநாள் நூலகத்தில், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசரின் எழுத்துக்களைப் புரட்டினேன். தீபாவளியை எள் நெய் கண்டுபிடிச்ச நாள்னு எழுதறார்! நெசமா? ஆதாரம் எங்கே? தேடப் போனவன் மதியச் சோறை மறந்தேன், பயத்தையும் மறந்தேன்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயசு அம்பேத்கரும் 'சாதி எப்படி உண்டாச்சு?' என்ற கேள்வியோடுதான் கட்டுரை வாசித்தார்.

தம்பி, தங்கச்சிகளே, அடுத்த கருத்தரங்கில் உங்க சந்தேகத்தை எழுந்து கேளுங்க. தெரிஞ்சுக்கிற சந்தோஷம் யாரும் போட்ட பிச்சையில்ல.