யந்திர நகரத்தின் வாயிலில்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சினிமாப் படம். அதுவும் முழுப் படமன்று; அதன் தொடக்கம் மட்டுமே. நாட்டிலே தலைபோகிற காரியங்கள் எத்தனையோ இருக்க, ஒரு படத்தின் முதற் காட்சிகளுக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிடலாமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. ஆனால் ஒன்று சிந்தியுங்கள். ஆளப் பிறந்தவர் யார், உழைக்கப் பிறந்தவர் யார், பெண் என்பவள் எத்தகையவள், வீரன் என்பவன் எங்கிருந்து வருகிறான் என்ற வினாக்களுக்கு மேடையிலே ஓர் அரசியல்வாதி விடை கூறினால், நாம் எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்கிறோம். அதே விடையை இருண்ட கொட்டகைக்குள் ஒரு படம் கூறினால், நாம் கேள்வி கேட்பதில்லை, கண்ணீர் விடுகிறோம், கைதட்டுகிறோம், அந்த விடையை நம்முடைய சொந்த எண்ணம் போல வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். ஆகவேதான் படத்தையும் ஒரு மேடைப் பேச்சாக எண்ணி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட படம் ‘மெற்றோபொலிஸ்’. 1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி ஜேர்மனியின் தலைநகரான பேர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இயக்கியவர் பிரிற்ஸ் லாங். கதை எழுதியவர் அவருடைய மனைவி தேயா வொன் ஹார்பூ. ஊமைப் படம். ஏறக்குறைய 50 இலட்சம் மார்க் விழுங்கிய படம். அக்காலத்தில் அது மலைக்கத்தக்க தொகை. வெளிவந்த சில மாதங்களிலேயே பெரும் பகுதிகள் வெட்டப்பட்டன. வெட்டியவை மறைந்தே போயின என்று உலகம் நம்பியிருந்தது. 2008ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத்துச் சினிமா நூதனசாலையில் ஒரு பழைய பிரதி அகப்பட்டது. அதன் துணைகொண்டு 2010இல் படம் ஏறக்குறைய முழுமை பெற்றது. வருங்காலத்துக் கொடு நகரம் ஒன்றைக் காட்டும் படங்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. அவற்றிற் பலவற்றுக்கு வழிகாட்டி இதுவே.

இனி, தொடக்கத்தைப் பார்ப்போம்.

முதலில் மனிதர் எவரும் வருவதில்லை. யந்திரங்களே வருகின்றன. உருளைகள் ஏறி இறங்குகின்றன. பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுழல்கின்றன. அடுத்து வருவது மணிக்கூடு. மேலே சிறிய மணிக்கூடு ஒன்று. அதில் இருபத்து நான்கு மணி. கீழே பெரியது ஒன்று. அதில் பத்தே மணி. ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி என்பது சூரியன் வகுத்த கணக்கு. பத்து மணி என்பது முதலாளி வகுத்த கணக்கு. அந்த நகரத்தில் பெரியது எது, சிறியது எது என்பதை ஒரு சொல்லும் இன்றிப் படம் கூறிவிடுகிறது.

அந்தப் பத்து மணி கற்பனையில் உதித்ததன்று. 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதப் புரட்சியின்போது ஜேர்மன் தொழிலாளர் எட்டு மணி வேலைநாளை வென்றெடுத்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1923 டிசம்பர் 21ஆம் திகதிக் கட்டளை பத்து மணி வரை வேலை வாங்குவதற்கு வாசலைத் திறந்துவிட்டது. இப்படம் பிடிக்கப்பட்டது 1925க்கும் 1926க்கும் இடையில். அன்று பேர்லினிற் கொட்டகைக்குட் புகுந்த தொழிலாளி எவனும் அந்த மணிக்கூட்டைப் புதுமை என்று எண்ணியிருக்க மாட்டான். தன் தொழிற்சாலைச் சுவரிலே தொங்கிய மணிக்கூடாகவே அதனைக் கண்டிருப்பான்.

சங்கு ஊதுகிறது. வேலைமுறை மாறுகிறது. இரண்டு அணிகள் எதிரெதிரே நடக்கின்றன. ஒரே கறுப்பு உடை, ஒரே தொப்பி, குனிந்த தலை. உள்ளே போகிறவர் ஒரு கதியில் நடக்க, வெளியே வருகிறவர் அதனினும் தளர்ந்த கதியில் கால்களை இழுத்து நடக்கின்றனர். இரண்டு கதிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இருக்கிறதே, அதுதான் அந்தப் பத்து மணி நேரத்தில் மனிதனிடமிருந்து உறிஞ்சப்பட்டது. பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இரண்டு வரிசைக் கால்கள் விளக்கிவிடுகின்றன. பின்னர் ஒரு பெரிய மின்தூக்கி அவர்களைக் கீழே இறக்குகிறது. பூமிக்கு அடியிலே அவர்களுடைய நகரம். ஒன்றையொன்று ஒத்த வீடுகள். அதைக் கூறும் எழுத்துக்கள்கூடத் திரையிற் கீழ்நோக்கியே இறங்குகின்றன.

உடனே எழுத்துக்கள் மேல்நோக்கி ஏறுகின்றன. தொழிலாளர் நகரம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயரத்தில் இருக்கிறது முதலாளிகளின் புதல்வர்களுக்கான உலகம். விளையாட்டரங்கிலே வெள்ளை உடை தரித்த இளைஞர் ஓடுகின்றனர். கீழே ஓட்டம் இல்லை. மேலே சுமை இல்லை. இவ்விரண்டு காட்சிகளும் சேர்ந்து சமுதாயத்தை இரண்டு கோடுகளில் வரைந்துவிடுகின்றன. இதுவரை இப்படத்தோடு நமக்குப் பிணக்கில்லை. உண்மையைத் துணிந்து கூறியிருக்கிறது. கூறியவர்களுக்கு நம் வணக்கம்.

ஆனால், தாய்மார்களே, பெண்கள் எங்கே? அதுவே நமது அடுத்த கேள்வி.

வேலைக்கு இறங்கிய அணியிற் பெண் இல்லை. வெளியே வந்த அணியிலும் இல்லை. அன்றைய ஜேர்மன் தொழிற்சாலைகளிற் பெண்கள் திரளாக உழைத்தனர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துச் சாலைகளையும் அவர்களே தாங்கினர். அந்தக் கைகள் திரையில் இல்லை. படம் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்து முதன்முறையாகப் பெண்கள் தோன்றுவது எங்கே தெரியுமா? செல்வப் புதல்வர்களின் இன்பத் தோட்டத்திலே. ஒரு மேற்பார்வையாளன் அவர்களை வரிசையாக நிறுத்துகிறான். இன்று முதலாளியின் மகன் பிரேடருக்குப் பொழுதுபோக்க யார் தகுதி என்று பார்க்கிறான், திரும்பச் சொல்கிறான், முகப்பூச்சைச் சரிசெய்கிறான். கீழே ஆண்கள் யந்திரத்துக்கு எண்ணி அனுப்பப்படுவது போலவே, மேலே பெண்கள் தோட்டத்துக்குத் தெரிந்தெடுத்து அனுப்பப்படுகின்றனர். அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை. பிரேடரோ நீரூற்றைச் சுற்றி ஒருத்தியைத் துரத்தி விளையாடுகிறான்.

அந்த வேளையிலே பெருங்கதவு திறக்கிறது. எளிய உடையில் ஓர் இளம் பெண் நிற்கிறாள். அவளைச் சுற்றித் தொழிலாளரின் மெலிந்த குழந்தைகள். அவளே மரியா. பிரிகிற்றே ஹெல்ம் என்னும் புதிய நடிகை ஏற்ற பாத்திரம். இவர்கள் உங்கள் சகோதரர்கள் என்று செல்வப் புதல்வர்களைக் காட்டிக் குழந்தைகளுக்குச் சொல்கிறாள். குழந்தைகளைக் காட்டிச் செல்வருக்கும் அதுவே பொருந்துகிறது. காவலர் அவளை வெளியேற்றுகின்றனர். யார் அவள் என்று பிரேடர் கேட்கிறான். யாரோ ஒரு தொழிலாளியின் மகள் என்பதே விடை.

இந்த ஒரு காட்சியை நாம் மிகக் கவனமாக நோக்கவேண்டும். துணிவுள்ளவள் யார்? பூமியின் அடியிலிருந்து ஏறி வந்து, காவலைக் கடந்து, பசித்த குழந்தைகளைச் செல்வத்தின் நடுவே நிறுத்தியவள் மரியா. படத்தின் முதல் வீரச் செயல் அவளுடையது. ஆனால் படம் அதனை வீரம் என்று கணக்கிடவில்லை. அவளைக் கண்ட ஆடவனின் நெஞ்சில் உண்டான மாற்றத்தையே வீரத்தின் தொடக்கமாக எண்ணுகிறது. அவள் திரும்பிச் செல்ல, கமெரா அவள் பின்னாற் செல்லவில்லை. பிரேடர் பின்னாற் செல்கிறது. பெண் விளக்கு ஏற்றுகிறாள். வழி நடந்த புகழ் ஆணுக்கு!

அப்பாற் பாருங்கள். ஒருபுறம் தோட்டத்துப் பெண்கள். மறுபுறம் குழந்தைகள் சூழ நிற்கும் தாய் போன்ற கன்னி. இன்பப் பொருள், அல்லது வணங்கத்தக்க தெய்வம். இவ்விரண்டுக்கும் இடையே, கூலி வாங்கி, கருத்துச் சொல்லி, வாக்களித்து வாழும் சாதாரணப் பெண்ணுக்கு இடமில்லை. படத்தின் பின்பகுதியில் மரியாவின் உருவத்திலே ஒரு யந்திரப் பெண் படைக்கப்படுகிறாள்; ஆடவரை மயக்கி அழிவுக்கு இழுக்கிறாள்; ஈற்றில் தீயிலே எரிக்கப்படுகிறாள். தெய்வம் அல்லாத பெண் பேயாகத்தான் இருக்கவேண்டும் என்ற அந்த முடிவின் விதை முதற் காட்சியிலேயே ஊன்றப்பட்டுவிட்டது. இத்தனைக்கும் 1918 நவம்பர் மாதத்திலேயே ஜேர்மன் பெண்கள் வாக்குரிமை பெற்றுவிட்டனர். 1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் தேசிய சபைக்குத் தெரிவாகினர். பெப்ரவரி 19ஆம் திகதி மரி யூகாச் என்ற பெண் பிரதிநிதி அந்தச் சபையில் எழுந்து உரையாற்றினார். இளமையில் தொழிற்சாலையிலும் தையல் வேலையிலும் உழைத்தவர் அவர். நாட்டிலே பெண் சபையேறிப் பேசிவிட்டாள். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த படத்திலோ பெண் கதவோரத்தில் நின்று கெஞ்சுகிறாள்.

இனி வீரத்தைப் பற்றிப் பேசுவோம்.

பிரேடர் மரியாவைத் தேடிக் கீழே இறங்குகிறான். யந்திர மண்டபத்தில் ஒரு தொழிலாளி களைத்துச் சரிகிறான், வெப்பமானி ஏறுகிறது, யந்திரம் வெடிக்கிறது. பிரேடரின் கண்ணுக்கு அந்த யந்திரம், மனிதரைப் பலிகொள்ளும் மோலொக் என்னும் பழங்காலத் தெய்வமாகத் தோன்றுகிறது. அதன் வாய்க்குள் மனிதர் ஏறிச் செல்கின்றனர். காட்சி கலைகிறது. காயப்பட்டோரைத் தூக்கிச் செல்கின்றனர். அவர்களுடைய இடத்தில் வேறு சிலர் வந்து நிற்கின்றனர். யந்திரம் தொடர்ந்து ஓடுகிறது.

நெஞ்சை உலுக்கும் காட்சி, ஐயமில்லை. ஆயினும் கேளுங்கள்: அந்தத் தொழிலாளர் நாள்தோறும் காண்பதைப் பிரேடர் ஒருநாள் கண்டான். அவர்கள் கண்டது கதையாகவில்லை. அவன் கண்டதே கதையாயிற்று. அவர்களுக்கு முகம் இல்லை. அவனுக்கு முகம் உண்டு. பின்னர் களைத்த தொழிலாளி ஒருவனை விலக்கி அவன் தானே யந்திரத்தைப் பிடிக்கிறான். பத்து மணி நேரம் முடியாதா என்று கதறுகிறான். அந்தத் தொழிலாளியின் அடையாளம் 11811 என்ற எண். எண் கொண்டவன் ஆண்டாண்டாய் நின்றது கடமை எனப்படுகிறது. பெயர் கொண்டவன் ஒருநாள் நின்றது தியாகம் எனப்படுகிறது.

நமது தமிழ்ப் படங்களிலும் கதாநாயகன் திரையிலே தோன்றும் அந்தக் கணத்தில் எழும் ஆரவாரத்தை நாம் அறிவோம். அவன் வரும்வரை ஊர் மக்கள் அடி வாங்குவதற்கே படைக்கப்பட்டவர். அவன் வந்தபின் கைதட்டுவதற்கே படைக்கப்பட்டவர். கமக்காரரே, உங்கள் வயலிலே வரம்பு கட்டியவன் எந்தக் கதாநாயகன்? களை பிடுங்கியது எந்தக் கதாநாயகனின் கை?

வீரன் மேலிருந்து வருவான் என்று தொடங்கிய கதை எங்கே போய் முடிகிறது? மரியா பாதாள அறையிலே தொழிலாளருக்குப் பொறுமை போதிக்கிறாள். தலைக்கும் கைக்கும் இடையே இதயமாக நடுவன் ஒருவன் வருவான், காத்திருங்கள் என்கிறாள். கடைசிக் காட்சியிலே தொழிலாளர் தேவாலய வாயிலுக்கு வருகின்றனர். முதற் காட்சியிற் போலவே ஒழுங்கான அணியாக வருகின்றனர். பிரேடர் தந்தையின் கையையும் மேற்பார்வையாளனின் கையையும் சேர்த்து வைக்கிறான். மணிக்கூட்டில் பத்து மணி எட்டாயிற்றா? கூலி உயர்ந்ததா? வீடு பூமிக்கு மேலே வந்ததா? படம் கூறவில்லை. கைகுலுக்கலே தீர்வு!

வரலாறு இதற்கு ஒரு கொடிய பின்னுரை எழுதியது. 1933 மே 2ஆம் திகதி ஹிற்லரின் ஆட்சி தொழிற்சங்கங்களின் பணிமனைகளைக் கைப்பற்றிச் சங்கங்களை அழித்தது. அதே மாதத்தில், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று கூலியை நிர்ணயிக்கவென அரசாங்கமே ‘தொழில் அறங்காவலர்’ என்போரை நியமிக்கச் சட்டம் செய்தது. 1934 ஜனவரிச் சட்டம் முதலாளியைத் தலைவன் என்றும் தொழிலாளரைப் பின்தொடர்வோர் என்றும் பெயரிட்டது. நடுவன் வந்துவிட்டான், ஆனால் அவன் இதயமாக வரவில்லை. லாங் 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். ஹார்பூ அங்கேயே தங்கி அந்த ஆட்சியின் கீழும் படக்கதைகள் எழுதினார். படத்தின் முடிவு சர்வாதிகாரிகளின் பிரசாரத்துக்கு இசைவானது என்று சீக்பிரீட் கிராகவர் என்ற அறிஞர் 1947இல் வெளியிட்ட நூலிற் சுட்டிக்காட்டினார். இதயம் நடுவே நிற்கும் என்பது வெறும் தேவதைக் கதை என்று லாங்கே முதுமையில் ஒப்புக்கொண்டார்.

ஒரு படம் ஹிற்லரைக் கொண்டுவந்தது என்று நாம் கூறவில்லை, அது அறியாமை. வீரன் வருவான் என்று காத்திருக்கப் பழகிய மக்கள், வருகிறவன் யார் என்று விசாரிக்க மறந்துவிடுகின்றனர் என்பதையே கூறுகிறோம்.

எட்டு மணி வேலைநாளை ஜேர்மன் தொழிலாளருக்கு எந்தச் செல்வப் புதல்வனும் இறங்கி வந்து கொடுக்கவில்லை. முகமற்றவர் என்று படம் காட்டிய அந்த மனிதரே சங்கம் கூடி வென்றனர். வாக்குரிமையை எந்த நடுவனும் பெண்களுக்குப் பரிசளிக்கவில்லை. அவர்களே நெடுங்காலம் போராடிப் பெற்றனர்.

ஆகவே, இளைஞர்களே, அடுத்த முறை கொட்டகையில் விளக்கு அணையும்போது முதற் சில நிமிடங்களை விழிப்போடு பாருங்கள். யாருக்கு முகம் கொடுக்கப்படுகிறது, யாருக்கு எண் கொடுக்கப்படுகிறது, பெண் எந்த வாசலில் நிறுத்தப்படுகிறாள், கமெரா யார் பின்னாற் செல்கிறது என்று கேளுங்கள். கொட்டகையிற் கேட்கப் பழகியவர் தேர்தல் மேடையின் முன்னும் கேட்பர். மின்தூக்கியின் வாயிலில் ஒரு வீரனுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. மேலே ஏறுவதற்கு நமக்கும் கால்கள் உண்டு; அங்கே பேசுவதற்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நமக்கும் வாய் உண்டு.