கணமும் சமன்பாடும்



வெள்ளி விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகள் அஞ்சும் பாடத்தை ஊரார் முன்னிலையில் பேசுவதே முறை என்று கருதுகிறேன்.

ஜெர்மானியக் கணித அறிஞர் ஜார்ஜ் காண்டர் 1874-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது கணவியல். கணம் என்பது நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு. ஒரு பொருள் அதில் உண்டா, இல்லையா என்பதில் ஐயம் இருத்தலாகாது. ஓர் உறுப்பை ஒரு முறைதான் எண்ணவேண்டும். ‘பாப்பா’ என்ற சொல்லில் எழுத்து மூன்று. அவ்வெழுத்துகளின் கணத்திலோ பா, ப் என உறுப்புகள் இரண்டே.

‘கணக்கு வராத பிள்ளைகள்’ என்று சிலரைப் பின்வரிசைக்கு ஒதுக்கும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. எந்தத் தேர்வில் வரவில்லை? எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே? யார் வகுத்த எல்லை? விடை கிடையாது. ஆகவே அது கணமே அன்று. ‘அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 35-க்குக் குறைவாகப் பெற்றோர்’ என்பது கணம். முழு ஆண்டுத் தேர்வுக்கு அதே கணத்தை வகுத்தால், அது வெற்றுக் கணமாகவும் அமையலாம். ஆசிரிய நண்பர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டுகிறேன்.

இனி ஒரு கணக்கு. ஓர் இரவுப் பாடசாலையில் 40 பிள்ளைகள். கணக்கு வகுப்புக்கு வருவோர் 26. ஆங்கில வகுப்புக்கு வருவோர் 22. ஒரு வகுப்புக்கும் வராதவர் எவருமில்லை. இரண்டுக்கும் வருவோர் எத்தனை பேர்? 26-ம் 22-ம் 48 ஆகின்றன, பிள்ளைகளோ நாற்பதின்மர். இரண்டுக்கும் வருவோரை இருமுறை எண்ணிவிட்டோம்! ஜான் வென் 1880-இல் விளக்கிய முறைப்படி, ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள் வரைக. நடுப்பகுதியில் இருப்போர் எக்ஸ் என்க. கணக்கு மட்டும் 26 − எக்ஸ். ஆங்கிலம் மட்டும் 22 − எக்ஸ். மூன்று பகுதிகளையும் கூட்டினால்,

48 − எக்ஸ் = 40.

‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று மந்திரம்போல் ஓதுவிக்கிறோம். ஏன் மாறுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லவேண்டாமா? சமன்பாடு என்பது தராசு. ஒரு தட்டில் வைப்பதை மறு தட்டிலும் வைத்தால் முள் அசையாது. இருபுறமும் எக்ஸைக் கூட்டுக: 48 = 40 + எக்ஸ். இருபுறமும் 40-ஐக் கழிக்க, எக்ஸ் = 8. சரிபார்ப்போம்: 18, 8, 14, ஆக 40. பள்ளிப் படிப்பை அறியாத தாய்மாரும் தராசை அறிவர். எழுதுமுன் கணக்கை வாய்மொழியாகச் சொல்லச்சொல்லி அவர்கள் கேட்கலாம். சொல்லத் தடுமாறும் இடத்தில்தான் பிள்ளைக்கு விளங்கவில்லை.

மாணவச் செல்வங்களே, வீட்டுக்கு ஒன்று தருகிறேன். 50 பேரில் கபடி ஆடுவோர் 30. பந்து ஆடுவோர் 24. இரண்டும் ஆடுவோர் 10. ஒன்றும் ஆடாதவர் எத்தனை பேர்? வட்டங்களைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்துகொள்ளுங்கள். வெளியே இருப்பவர்களுக்கும் இடம் வேண்டும். விடையை நாளை என்னிடம் சொல்லலாம்.