நோவு வருமுன்னே

ஆறாந் தரத்து மாணவியருக்குத் தடுப்பூசி ஏற்றும் நாள் நெருங்குகையில், சம்மதக் கடிதத்திற் கையொப்பமிடத் தோட்டத்துத் தாய்மார் எங்கள் பாடசாலைக்கு வருவதுண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது என்றதும் மகிழ்ந்து ஒப்பமிடுவர். "நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா, அம்மா?" என்று வினவினால், "எனக்குத்தான் நோவொன்றும் இல்லையே, ஐயா" என்பர்.

இந்நோயின் வஞ்சகமே அதுதான். தொடக்கத்தில் அது நோவதில்லை. நோவு தோன்றும்போது பெரும்பாலும் முற்றிவிட்டிருக்கும்.

கிரேக்க நாட்டிற் பிறந்து நியூயோர்க்கிற் பணியாற்றிய டாக்டர் பாப்பனிக்கொலாவ், கருப்பைக் கழுத்தினின்று உதிரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கியே இப்புற்றை அறியலாமென 1928இல் அறிவித்தார். நோயியல் அறிஞர் பலர் அன்று அதனை ஏற்கவில்லை. 1943இல் டாக்டர் டிரௌட்டுடன் அவர் வெளியிட்ட நூலின் பின்னரே அம்முறை பரவிற்று. நோயின் காரணம் இன்னும் பிந்தியே புலனாயிற்று. ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர், பப்பிலோமா வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளை இப்புற்றிலே கண்டனர். அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு இவ்விரு வகைகளால் விளைவதே.

இவ்வைரசு தொற்றிய பெண்களுட் பெரும்பாலோரின் உடல் அதனைத் தானே விலக்கிவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கி, பத்தாண்டு, அதற்கு மேலும் எடுத்துப் புற்றாக மாறுகிறது. அந்த நெடிய அவகாசத்திற் கண்டுபிடித்தால், புற்றாகுமுன்னரே அதனை நீக்கிவிடலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்தில், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்குத் தாதியர் ஒரேயொரு முறை இச்சோதனையைச் செய்தனர். நீர்த்த அசற்றிக் அமிலத்தைப் பூசிக் கண்ணாற் பார்க்கும் எளிய முறை அது. இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

நம் நாட்டிலே சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இயங்குகின்றன. மாணவியர்க்கான தடுப்பூசி 2017இல் தொடங்கிற்று. இரண்டுமே இலவசம்.

ஒரு நாட் பேர் போய்விடும் என்ற கவலையை நான் அறிவேன். வெட்கத்தையும் அறிவேன். ஆனால், சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்.

தாய்மாரே, மகளுக்காகக் கையொப்பமிட்ட அதே கையால், உங்களுக்கென்றும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி ஏற்றிய அம்மகளுக்கு நெடுங்காலம் தாயும் வேண்டுமல்லவா?