அறக்கோட்டத்தில் பின்வரிசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தை மணிமேகலை அறக்கோட்டமாக்கிய வரலாற்றை நாம் அறிவோம். சிறைப்பட்டோரின் வயிற்றுப் பசியை அவள் தீர்த்தாள். அறிவுப் பசி என்று ஒன்றும் உண்டன்றோ? அதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

நாம் வாழும் இத்தலைநகரில் திகார் சிறை உள்ளது. 1993 முதல் 1995 வரை கிரண் பேடி அம்மையார் அதன் பொறுப்பில் இருந்தபோது, படித்த கைதிகள் படியாதோர்க்கு எழுத்தறிவித்தனர். போற்றத்தக்க பணி! ஆயினும், அத்தகைய வகுப்பொன்றின் பின்வரிசையில் இருப்பவனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்குக் கரும்பலகை தெரியாது. மற்றொருவனுக்கு ஆசிரியர் குரல் கேளாது. வேறொருவனுக்கோ கண்ணும் செவியும் நன்றாகவே இருக்கும். எழுத்துகள் மட்டும் இடம் மாறி மயக்கும். இளமையில் 'மந்தன்' என்று ஏசப்பட்டுப் பள்ளியை விட்டவன், சிறையிலும் அப்பெயரையே பெறுகிறான். காவலர் கட்டளை செவியில் விழாதவன் அடங்காதவன் எனப்படுகிறான்; படிக்க இயலாத தாளில் கைநாட்டு வைக்கிறான். நீதிமன்றம் விதித்த தண்டனை ஒன்று. நம் அறியாமை விதிப்பது மற்றொன்று!

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றது. தமிழ்நாட்டுச் சிறைகள் தொடர்பான வழக்கொன்றில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சிறையில் சேர்க்கும்போதே மாற்றுத்திறனாளிகளைக் கண்டறிய வேண்டும் என்றும், விதிகளைப் பிரெயில், பெரிய எழுத்து, சைகை மொழி, எளிய மொழி ஆகியவற்றில் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது.

கண்டறிதலே முதற்படி. கண்டறியாதார்க்குக் கற்பித்தல் எங்ஙனம்? 2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டுக் கைதிகளில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். என்று வெளியேறுவர் என அறியாதோர். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கான பாடத்திட்டம் பயன்படாது. சிறு சிறு பாடங்கள் வேண்டும். சிறை மாறினால், கற்றவற்றைக் காட்டும் ஏடும் உடன் செல்ல வேண்டும். பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் வேண்டும். காவலர்க்கும் பயிற்சி வேண்டும்.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர் உள்ளனர். சிறை அதிகாரிகளின் இசைவுடன் வாரம் ஒரு நாள் சென்று கற்பிக்கலாம். பார்வையற்றோர்க்காக நூல்களைக் குரலில் பதிந்து தரலாம். குற்றத்தை நாம் மன்னிக்க வேண்டுவதில்லை. தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவனாக ஒருவன் சிறைவாயிலைக் கடக்கட்டும்! சிறைக்கோட்டம் அன்றே அறக்கோட்டமாகும்.